அங்கமுத்து அண்ணன் அமுக்கிய பட்டன்

போன மாதம் பவானி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கண் கிளினிக்கில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாதி அவள். பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதிது கொண்டுவரப் போகிறார்களாம். தலையிலேயே மாட்டிக்கொள்ளலாமாம், இருட்டறைகூட வேண்டாமாம்.

"அக்கா, புது ஸ்டாஃப்புக்குக் குடுக்க ஒரு பேப்பர் வேணும்லா. கிளாக்கோமா பேஷண்டுக்கு எத்தன மாசத்துக்கு ஒருக்கா பட்டன் டெஸ்ட் எடுக்கணும்னு உங்க அனுபவத்த வச்சு நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே அங்கமுத்து அண்ணன் வந்து நின்றுவிட்டார். அவரைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. ஆகவே பவானி கேட்டது நாலு வரி, கிடைக்கப் போவது ஒரு மூட்டை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடட்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. கோலா சிலாங்கூர் வட்டாரத்து அரசாங்க ஆஸ்பத்திரி என்ற அளவில் போதும். தப்பு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது.

நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிளாக்கோமாவைத் தமிழில் கண் அழுத்த நோய் என்கிறோம். கண் வலிக்காது, சிவக்காது, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, "எனக்கு என்னா மிஸ்ஸி, கழுகுக் கண்ணு" என்று தாதியான என்னிடம் மார்தட்டுகிறவர், வெளியே போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். இழந்த பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தும் ஆபரேஷனும். இருப்பது எவ்வளவு, அது என்ன வேகத்தில் போகிறது என்று அறிவதற்குத்தான் பட்டன் டெஸ்ட். கிளினிக்குக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று சொல்லாத நாளே கிடையாது. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வாசலில் அது பழமொழி இல்லை, நடப்பு.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீட்டிலிருந்து தாதிப் பயிற்சிக்குப் போய், பொது வார்டுகளில் ஏறக்குறைய இருபது வருடம் ஓட்டிவிட்டு, முழங்கால் வலி வந்த பிறகு கண் கிளினிக்குக்கு மாற்றல் கேட்டு வந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ற ஆசைதான். பார்வைப் பரப்புச் சோதனை என்ற, பட்டன் டெஸ்டின் முறையான பெயரே அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஹலீமா. கண் நிபுணர். மெல்லிய குரல், மலாயில் மட்டும்தான் பேசுவார், ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை சொல்ல மாட்டார். நோயாளி உட்காராமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் விளக்கம் எதுவும் சொல்லாமல் என்னையே இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்.

பெரிய குண்டானைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணம். முகவாயை அதன் வாயில் உள்ள தாங்கியில் வைக்கவேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். கிண்ணத்தின் நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம். அதைவிட்டுப் பார்வையை எடுக்கக்கூடாது. சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மங்கலான புள்ளி வெளிச்சம் வந்து மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். அந்த ஆறேழு நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. "டாக்டர், பாதிக்குமேல் எனக்குத் தெரியவே இல்லை. எனக்கும் இந்த நோய் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கண் நன்றாக இருக்கிறது. தெரியத் தெரிய இயந்திரம் வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டே போகும். தெரியாமல் போகிற இடத்தில்தான் அது அளவு எடுக்கிறது. இதை நோயாளியிடம் முன்பே சொல்லாவிட்டால் அவர் பயந்துபோய்க் கண்டபடி அமுக்குவார்" என்றார்.

பிறகு ஐந்து வாக்கியங்களை மலாயில் தட்டச்சு செய்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் அவர் கையாலேயே ஒட்டினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஐந்தையும் சொல்ல வேண்டும். பத்தாவது முறை வருகிறவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். ஐந்தாவது வாக்கியம் இது: 'பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது; தெரியாவிட்டால் அமுக்க வேண்டாம், சும்மா இருப்பதும் சரியான பதில்தான்.'

அவர் அறிக்கை படிக்கும் விதத்தை இன்றைக்கும் நான் கண்ணை மூடினால் பார்க்கலாம். ஒரு நோயாளியின் எல்லாத் தாள்களையும் பழையதிலிருந்து புதியதுவரை மேசையில் வரிசையாக அடுக்குவார். தாளில் பார்வைப் பரப்பு ஒரு படமாக அச்சாகியிருக்கும். பார்வை இருக்கும் இடம் வெள்ளை, போன இடம் கறுப்பு. எல்லாரும் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் இடது உள்ளங்கையால் படத்தை மூடிவிட்டு, மேலே இருக்கும் மூன்று எண்களை முதலில் படிப்பார். எத்தனை தடவை கண் அலைந்தது, வெளிச்சம் இல்லாதபோது எத்தனை தடவை அமுக்கினார், முன்பு தெரிந்த வெளிச்சத்துக்கு எத்தனை தடவை அமுக்காமல் விட்டார். "இந்த மூன்றும் பொய் சொன்னால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்" என்பார். எண்கள் சரியாக இருந்தால்தான் கை விலகும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு அவர் வைத்திருந்த கணக்கு எளிமையானது. புதிதாக நோய் கண்டவருக்கு முதல் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு நோய் ஓடுகிறதா நிற்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. நின்றுவிட்டது என்று தெரிந்தால் ஆறு மாதம், அப்புறம் வருடம். ஓடுகிறது என்றாலோ, மிச்சம் கொஞ்சம்தான் என்றாலோ மூன்று மாதம். பவானிக்கு வேண்டிய நாலு வரி இதுதான். ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் மாதத்தை மட்டும் எண்ணினால் போதும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

டாக்டர் ஹலீமா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு சின்ன டாக்டர்கள் வந்து வந்து போனார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவர் முகம் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். நடைபாதை முழுக்கச் சக்கர நாற்காலியும் சொட்டு மருந்துப் புட்டியும் வயதானவர்களும். இயந்திரம் ஒன்று, தமிழ் பேசுகிற தாதி நான் ஒருத்தி. தமிழாட்கள் வந்தால் எல்லாரும் என்னிடம்தான் தள்ளுவார்கள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த ஐந்தாவது வாக்கியம் தமிழாட்களிடம் சிக்கலாக இருந்தது. "பாதி தெரியாதுன்னு தெரிஞ்சும் ஏன் மிஸ்ஸி காட்டுறீங்க?" என்பார்கள். "அப்போ என் கண்ணு போயிருச்சா?" என்று அழுதவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் விளக்கப் பத்து நிமிடம் ஆகும். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். முதலில் அதைச் சுருக்கினேன். பிறகு சில பேருக்கு விட்டேன். கடைசியில் தமிழாட்கள் எல்லாருக்குமே விட்டுவிட்டேன். அதன் இடத்தில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்துக்கொண்டேன். "தூங்காம, நல்லா கவனமா அமுக்குங்கண்ணே." முடிந்ததும் முதுகில் தட்டி, "கெட்டிக்காரவரு" என்று ஒரு வார்த்தை. அன்பு என்றுதான் நினைத்தேன். மலாய்க்கார நோயாளிக்கு ஐந்து வாக்கியம், என் ஆட்களுக்கு நாலு வாக்கியமும் ஒரு தட்டும்.

அங்கமுத்து அண்ணன் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். வெட்டிய பழக்குலைகளை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் வேலை. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட அப்பாயின்மெண்ட் அட்டை. கூடவே மனைவி மாரியாயி. அந்த அம்மாளும் அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இரண்டு பஸ் மாறி, பசியாறாமலே வந்திருந்தார்கள்.

முதல் சோதனையில் அவர் குறைவாகத்தான் அமுக்கினார். இரண்டு கண்ணிலும் மேல் பக்கம் ஓர் ஓரமாகக் கறுப்பு. நோய் இருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான், நிறையப் பார்வை மிச்சம். சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தவர் என்னைக் கேட்டார். "பாஸா மிஸ்ஸி?"

"இதுல பாஸ் பெயில்லாம் இல்லைண்ணே. ஆனா கொஞ்சம் கம்மியா அமுக்கிட்டீங்க. அடுத்த தடவ நல்லா அமுக்குங்க, என்ன?"

சொன்னது நான்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். கறுப்பு வந்தது அவர் குறைவாக அமுக்கியதால் இல்லை, பார்வை போனதால் என்பது எனக்குத் தெரியும். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஆறுதல் வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவர் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

நான்கு மாதம் கழித்து வந்தார். பட்டனைக் கையில் வாங்கியவர் விடவில்லை. டக், டக், டக் என்று சீராக, வெளிச்சம் வந்தாலும் வராவிட்டாலும். படம் முதல் முறையைவிட வெள்ளையாக வந்தது. நான் முதுகில் தட்டினேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா" என்று கண்ணாலேயே கேட்டார். அப்போதிருந்த சின்ன டாக்டர், "முதல் தடவை பழக்கமில்லாமல் தடுமாறியிருப்பார், இரண்டாம் தடவை தெளிவது சகஜம்தான்" என்றார். அது உண்மையும்கூட. பல பேருக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் வெளிச்சம் இல்லாதபோது அமுக்கிய எண் அந்தத் தாளில் உயர்ந்திருந்தது. டாக்டர் அதைக் கவனித்து, "சிஸ்டர், இவர் ஒழுங்காகச் செய்தாரா?" என்று என்னைக் கேட்டார். நான் படத்தின் கீழே, சோதனை நடந்த விதத்தை எழுத எனக்கென்று இருக்கும் கோட்டைக் காட்டினேன். 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதியிருந்தேன். டாக்டர் என்னை நம்பினார். என் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தார்.

மூன்றாவது முறையும் அப்படியே. நோய் நின்றுவிட்டது, மருந்து கேட்கிறது என்று எழுதி, டாக்டர் ஹலீமாவின் இரண்டு வருடக் கணக்கைக்கூடப் பார்க்காமல் அடுத்த சோதனையை ஒரு வருடம் தள்ளினார்கள். அங்கமுத்து அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. லீவு கேட்டு, வேலை வாங்கும் மண்டோரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டாம் இல்லையா. அடுத்த வருடம் எனக்கென்று ஒரு சீப்பு ராஜா வாழைப்பழம் கொண்டுவந்தார். அந்த வருடப் படம் எல்லாவற்றையும்விட வெள்ளை. சில இடங்களில் இயல்பான மனிதக் கண்ணுக்கு இருக்க முடியாத அளவு வெள்ளை. நான் அதையும் பார்த்தேன். அதன் கீழும் 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன். வாழைப்பழத்தை ஸ்டாஃப் அறையில் எல்லாரும் சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த தவணை கோவிட் காலத்தில் தள்ளிப்போனது. பழியை அதன்மேல் போடலாம். போட எனக்கு மனம் வரவில்லை.

தவணைக்கு முன்பே ஒருநாள் காலை அவர்கள் இருவரும் வந்து நின்றார்கள். மாரியாயி ஊன்றுகோலில் சாய்ந்திருந்தார். இடது பாதம் முழுக்கக் கட்டு. பின்னால் அங்கமுத்து அண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை இருந்தது, ஆனால் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

தோட்டத்துச் சாலையில் இடது பக்கம் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியை, டிராக்டர் ஓட்டி வந்த அண்ணன் பார்க்கவில்லை. எதிரே சாலை தெளிவாகத் தெரிந்தது, வண்டியைத் திருப்பினார். டிரெய்லர் சக்கரம் அந்த அம்மாளின் பாதத்தின்மேல் ஏறிவிட்டது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"அவரு மேல தப்பு இல்ல மிஸ்ஸி" என்றார் மாரியாயி. "நாந்தான் வண்டி வர்ற சத்தம் கேட்டும் நகராம இருந்தேன். பாத்துதான வருவாருன்னு."

அங்கமுத்து அண்ணன் நான் நின்ற பக்கத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் டாக்டர் ஹலீமா வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் கிளினிக்குக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்தார். நோயாளி உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார். பழைய தாள்களை வரிசையாக அடுக்கினார். படத்தை உள்ளங்கையால் மூடினார். முதல் தாளில் விரல் எண்களின்மேல் ஓடிக் கடந்தது. இரண்டாவதில் நின்றது. மூன்றாவதில் நின்றது. நான்காவதில் நின்று, பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, என் கையெழுத்தின்மேல் வந்து தங்கியது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்றைக்கே மறுபடி எடுப்போம், நானும் வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

இருட்டறையில் அங்கமுத்து அண்ணனைக் கிண்ணத்தின் முன் உட்கார வைத்தேன். முகவாய் தாங்கியில் பதிந்தது. வலது கண்ணை மூடினேன். பட்டனைக் கையில் கொடுத்ததும் கட்டைவிரல் தானாகவே மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ஹலீமா இயந்திரத்தின் பக்கவாட்டைக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் இருந்தது. ஓரம் பழுத்துப்போயிருந்தது. "ஐந்தையும் சொல்லுங்கள்" என்றார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த ஐந்தாவது வாக்கியத்தை என் வாய் தமிழில் சொல்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

"பாதி லைட்டு யாருக்குமே தெரியாதுண்ணே. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியலைன்னா அமுக்க வேணாம். சும்மா இருங்க. அதுவும் சரியான பதில்தான்."

அண்ணன் தாங்கியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சும்மா இருக்கலாமா மிஸ்ஸி?"

"இருக்கலாம்ணே."

"டாக்டரு பக்கத்துல நிக்கிறாங்களே. ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

என் அம்மா தோட்டத்தில் புல் வெட்டியவர். தூரத்தில், வேலையைக் கணக்கெடுக்க வரும் கிராணியின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால், ஏற்கனவே வெட்டி முடித்த இடத்திலேயே மறுபடி குனிந்து கையை ஆட்டுவார். வேலை இருக்கிறதோ இல்லையோ, மேலே உள்ளவர்கள் பார்க்கும்போது கை அசைந்துகொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கிற கைக்கு அன்றைய கூலிப் பதிவில் பேர் விழாது. இது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் பாலோடு ஊட்டியது. ஆஸ்பத்திரியிலேயே இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தி நான்தான். டாக்டர் ஹலீமா அது தெரியாமலேயே அந்த ஐந்தாவது வாக்கியத்தை எழுதி வைத்திருந்தார். தெரிந்த நான் அதை எடுத்துப் போட்டேன்.

சோதனை ஓடத் தொடங்கியது. இயந்திரம் வெளிச்சம் காட்டும்போது உள்ளே மெல்லிய ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, பட்டன் சத்தம் வரவில்லை. நடுவில் ஒன்றிரண்டு முறை டக். பிறகு மறுபடி நீண்ட அமைதி. அவருடைய கட்டைவிரல் பட்டனைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. அமுக்கத் துடிக்கிறது, அவர் பிடித்து வைத்திருக்கிறார். சோதனை பாதியில் இருக்கும்போது தாங்கியில் முகவாய் வைத்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப வெக்கமா இருக்கு மிஸ்ஸி."

இடது கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்க இயந்திரத்தை நிறுத்தினேன். யார் கண்ணை முதலில் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு படமும் வந்தன. இடது கண்ணில் நடுவில் விரல் நகம் அளவுக்கு வெள்ளை, சுற்றிலும் முழுக்கக் கறுப்பு. வலது கண்ணில் அதைவிடக் கொஞ்சம் கூட. எழுத்து அட்டையில் அன்று காலையிலும் அவர் கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்திருந்தார். டாக்டர் ஹலீமா படத்தை மூடி எண்களைப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தன. கையை எடுத்தார். "இதுதான் இவருடைய உண்மையான இரண்டாவது சோதனை" என்றார். என்னைத் திட்டவில்லை. அவர்கள் வெளியே போன பிறகு, நான் எழுதும் கோட்டைக் காட்டி, "இனிமேல் இந்த இடத்தில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், சிஸ்டர்" என்றார். அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இரண்டு கண்ணுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நோய் ஓட்டம் குறைந்தது, ஆனால் மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். ஒவ்வொரு சோதனைக்கும் அவர் தெரிந்தால் மட்டும் அமுக்கினார். சொன்னதைச் செய்கிற மனிதர். நான் நல்லா அமுக்கச் சொன்னபோது நல்லா அமுக்கியவர், சும்மா இருக்கச் சொன்னபோது சும்மா இருந்தார். ஒன்றரை வருடத்தில் இடது கண் போயிற்று. வலது கண்ணில் இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது தெரியும், அவ்வளவுதான். நான் மற்ற எல்லாருக்கும் ஐந்து வாக்கியத்தையும் சொல்லத் தொடங்கினேன். நேரம் ஆனால் ஆகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். பல பேருக்கு அது உதவியிருக்கும். அந்தக் கணக்கைக் காட்டி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், சுங்கை ஆயர் தாவாருக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்து வேலை போன பிறகு, கம்பத்துக் கிராமத்தின் ஓரமாக மகள் வாங்கிய சின்ன வீட்டில் இருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் அங்கமுத்து அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். மாரியாயி காலை இழுத்து இழுத்து நடந்துபோய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் பேப்பர் படித்துக்காட்ட வந்திருந்தார். அவரிடம் அங்கமுத்து அண்ணன் என்னை அறிமுகம் செய்தார்.

"இவங்கதான்லா நான் சொல்வேனே, அந்த மிஸ்ஸி. எத்தன டாக்டருங்க வந்தாங்க போனாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. இவங்க மட்டுந்தான் நல்லா செய்றீங்கண்ணே, கெட்டிக்காரவருன்னு சொல்வாங்க. நம்ம கைல என்னா உண்டோ அத நாம ஒழுங்கா செஞ்சோம். மத்தது சாமி விட்ட வழி."

அந்த மனிதர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். ஐந்தாவது வாக்கியத்தைச் சொன்னேன், அதை நான் விட்டதைச் சொன்னேன். முதல் நாள் நல்லா அமுக்குங்க என்று சொன்னது தப்பு என்றேன். படம் வெள்ளையாக வந்தது பொய், அது எனக்குத் தெரிந்திருந்தும் 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன், அதைப் பார்த்துத்தான் ஒரு வருடம் தள்ளினார்கள் என்றேன். பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. மன்னிப்பும் கேட்டேன்.

அவருடைய கை இரண்டும் மடியில் கிடந்தன.

"அப்போ, மொதல்லருந்தே நான் தெரியாதப்ப சும்மா இருந்திருந்தா, இந்தக் கண்ணு இருந்திருக்குமா மிஸ்ஸி?"

பொய் சொல்ல வந்திருந்தால் நான் பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை. "முழுசா சொல்ல முடியாதுண்ணே. ஆனா நெறய இருந்திருக்கும்" என்றேன்.

"இவ காலு?"

நான் மாரியாயியின் பாதத்தைப் பார்த்தேன்.

"இத்தன நாளா நாம செய்ய வேண்டியத சரியா செஞ்சோம்னு நெனச்சுகிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார். கோபமே இல்லாத குரல். "இனிமே என்னா நெனச்சுகிட்டு ஒக்காந்திருக்கிறது மிஸ்ஸி?"

மாரியாயி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். செருப்பை மாட்டும்போது, "ஏன் மிஸ்ஸி இப்ப வந்து சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தாங்க முடியவில்லை, அதனால்தான் சொன்னேன் என்பது அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. இத்தனை வருடமாக என்னால் சுமக்க முடியாததை, கண் தெரியாத ஒரு மனிதரின் மடியில் இறக்கி வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.